தாய்வழி மரபணுவும் பூர்வகுடி அரசியலும்

(கட்சிக் கல்வி வகுப்பு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

இந்த மண்ணின் பூர்வகுடிகள் யார் என்ற கேள்வி இன்று மேடைகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் கைப்பேசிச் செய்திகளிலும் ஓயாமல் எழுப்பப்படுகிறது. முன்பு இதற்கு வேதத்தையும் புராணத்தையும் காட்டி விடை சொன்னவர்கள் இப்போது மரபணுவைக் காட்டுகிறார்கள். “தாய்வழி மரபணுவில் வெளியிலிருந்து வந்ததற்கான தடயமே இல்லை, ஆகவே ஆரியர் வருகை என்பது கட்டுக்கதை” என்கிறது சங்கப் பரிவாரம். “எங்கள் தாய்வழி ‘எம்’ பிரிவைச் சேர்ந்தது, ஆகவே நாங்களே மண்ணின் மைந்தர்கள்” என்று அதற்கு எதிர்முனையிலிருந்து சிலர் விடை கூறுகிறார்கள்.

நம் தோழர்களிடையேயும் இதைப் பற்றி இரண்டு கருத்துகள் உள்ளன. இந்துத்துவத்தின் வரலாற்றுப் புரட்டை முறியடிக்க மரபணுவியல் நல்ல ஆயுதம், அதை முழுமையாகப் பயன்படுத்த வேண்டும் என்பது ஒன்று. இது பழைய இனவாத அறிவியலின் புதிய வேடம், தொடவே கூடாது என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் தாய்வழி மரபுகளை அறிவியலாளர்கள் எப்படி வகைப்படுத்துகிறார்கள் என்பதை அறியாமல் இந்த விவாதத்தை நம்மால் தீர்க்க முடியாது. எனவே முதலில் அறிவியலைப் பார்ப்போம். பிறகு அரசியலுக்கு வருவோம்.

எழுத்துப் பிழையும் மரபுக்கிளையும்

நம் உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் ஆற்றலை உருவாக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் உள்ளன. இழைமணி என்றும் இவற்றைச் சொல்வதுண்டு. இவற்றுக்கெனத் தனியாக ஒரு சிறு டிஎன்ஏ உண்டு. அதில் 16,569 எழுத்துகளும் 37 மரபணுக்களும் அடங்கியுள்ளன. இங்கே எழுத்து என்பது அடினைன், குவானின், சைட்டோசின், தைமின் ஆகிய நான்கு வேதிப்பொருள்களைக் குறிக்கும். 1981இல் கேம்பிரிட்ஜில் இந்த வரிசை முழுவதும் முதன்முதலாகப் படிக்கப்பட்டது. இந்த டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வருகிறது. மகனும் அதைப் பெறுகிறான். ஆனால் அவனோடு அது நின்றுவிடுகிறது. மகள் அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறாள்.

இப்படித் தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்படும்போது எப்போதாவது ஓர் எழுத்து மாறிவிடுகிறது. இதுவே சடுதிமாற்றம். தமிழ் கற்றவர்களுக்கு இதை விளக்க ஓலைச்சுவடியை விடப் பொருத்தமான உவமை இல்லை. ஒரு சுவடியைப் படியெடுப்பவர் ஓரிடத்தில் பிழை செய்தால், அவருடைய படியைப் பார்த்து எழுதப்படும் எல்லாச் சுவடிகளிலும் அப்பிழை தொடரும். பதிப்பாசிரியர்கள் பாடபேதங்களை ஒப்பிட்டு, எந்தச் சுவடிகள் ஒரே மூலச் சுவடியிலிருந்து வந்தவை என்று குடும்பம் பிரித்தது இந்த முறையில்தான். மரபணுவியலாளர் செய்வதும் அதுவே. ஒரே சடுதிமாற்றத்தைப் பகிர்ந்துகொள்வோரை ஒரே மூதாயின் கிளை என்று கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் ஹாப்லோகுரூப் எனப்படும் இதனை நான் மரபுக்கிளை என்றே குறிப்பிடுகிறேன்.

சிலர் இதைக் ‘குலம்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். அதை நாம் தவிர்க்க வேண்டும். குலம் என்பது மணவுறவு, சொத்து, சடங்கு, தெய்வம் ஆகியவற்றால் கட்டப்பட்ட சமூக அமைப்பு. மரபுக்கிளையோ ஆய்வுக்கூடம் அறிவிக்கும் வரை அதைச் சேர்ந்தவருக்கே தெரியாத ஒன்று. குலம் என்று எழுதிய உடனே சாதியின் வாடை வந்துவிடுகிறது. இல்லாத ஒரு சமூகத்தை ஒரு சொல் உருவாக்கிவிடுகிறது.

கிளைகளுக்கு எழுத்துப் பெயரிடும் வழக்கம் 1990களின் தொடக்கத்தில் வந்தது. முதலில் அமெரிக்கப் பழங்குடிகளின் தாய்வழிகளுக்கு ஏ, பி, சி, டி என்று பெயரிட்டார்கள். பிறகு மற்றக் கண்டங்களை ஆராய்ந்தபோது அடுத்தடுத்த எழுத்துகள் வந்தன. ஆகவே இந்த எழுத்துகளின் வரிசை, கண்டுபிடித்த வரிசையே தவிர, மூப்பு வரிசையோ தகுதி வரிசையோ அன்று. மிகப் பழைய கிளைகள் ஆப்பிரிக்காவின் ‘எல்’ கிளைகள். அவற்றுள் எல்3 என்ற ஒரு கிளையிலிருந்து எம், என் என இரண்டு பிரிந்தன. ஆப்பிரிக்காவுக்கு வெளியே பழங்காலத்தில் பரவிய மக்களின் தாய்வழிகள் இவ்விரண்டிலும் அடங்கும். என் கிளையிலிருந்து ஆர் பிரிந்தது. ஆர் கிளையிலிருந்து யு முதலியன பிரிந்தன.

இந்தியாவின் தாய்வழிகளில் ஏறக்குறைய 60 விழுக்காடு எம் கிளையைச் சேர்ந்தவை. ஆனால் எம் என்பது இந்தியாவின் தனிச்சொத்து அன்று. முன்னர்ப் பெயரிடப்பட்ட சி, டி ஆகிய இரண்டுமே எம் கிளையின் சிறு கிளைகள்தான் என்பது பின்னர்த் தெரிந்தது. எனவே சீனாவிலும் ஜப்பானிலும் சைபீரியாவிலும் அமெரிக்கப் பழங்குடிகளிடமும் எம் உண்டு. ‘எம் என்றால் திராவிடர்’ என்று பேசுவோர் அலாஸ்காவையும் திராவிட நாட்டில் சேர்க்க வேண்டியிருக்கும்.

ஒரே அடையாளம், வேறு தாய்

ஓலைச்சுவடியில் புள்ளி இடும் வழக்கம் இல்லை. ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடு தெரியாது. எனவே ஒருவரையொருவர் அறியாத இரண்டு படியெடுப்பாளர்கள் ஒரே இடத்தில் ஒரே பிழையைத் தனித்தனியே செய்துவிட முடியும். அந்த ஒரு பிழையை மட்டும் பார்த்து இரண்டு சுவடிகளையும் ஒரே குடும்பம் என்றால் பதிப்பே கெட்டுவிடும். மரபணுவிலும் இதே சிக்கல் உண்டு.

எம் கிளையின் அடையாளங்களுள் 489ஆம் இடத்தில் சைட்டோசின் இருப்பதும் ஒன்று. ஆனால் மேற்காசியாவிலும் ஐரோப்பாவிலும் காணப்படும் ஜே கிளையிலும் அதே இடத்தில் அதே மாற்றம் தனியாக நிகழ்ந்துள்ளது. 10398ஆம் இடத்தில் என் கிளை குவானினை இழந்து அடினைனைப் பெற்றது. அதன் வழிவந்த ஜே கிளையில் அவ்விடம் மீண்டும் குவானினாகத் திரும்பிவிட்டது. எம் கிளையிலோ அது தொடக்கத்திலிருந்தே குவானின்தான். இந்த இரண்டு இடங்களை மட்டும் பார்த்தால் ஜே கிளையைச் சேர்ந்தவரை எம் என்று தவறாகக் கொள்ள நேரும். 10400ஆம் இடத்தில் சைட்டோசின் தைமினாக மாறியிருப்பது, 14783, 15043 ஆகிய இடங்களின் மாற்றங்கள் எல்லாம் சேர்ந்தே ஒருவரை எம் கிளையில் வைக்கின்றன.

இன்னொரு சான்று. பி கிளையின் அடையாளம் ஒன்பது எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு விடுபட்டுப்போனது. ஆசியாவிலும் பசிபிக் தீவுகளிலும் இது பரவலாக உண்டு. ஆனால் அதே ஒன்பது எழுத்துகள் ஆப்பிரிக்கக் கிளை ஒன்றிலும் தனியாக விடுபட்டுள்ளன. அடையாளம் ஒன்று, தாய் வேறு. ஆகவே ஒரு சடுதிமாற்றம் எதையும் நிறுவாது. மாற்றங்களின் தொகுப்பும், அவை நிகழ்ந்த வரிசையுமே கிளையை நிறுவுகின்றன. ஒற்றை எண்ணைக் காட்டி வரலாறு பேசுவோரிடம் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

இந்த வகைப்பாடு விவாதங்களின் வழியாகவே வளர்ந்தது. 1987இல் ரெபெக்கா கேன், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் ஆகியோர் 147 பேரின் தாய்வழி டிஎன்ஏவை ஒப்பிட்டு, அனைவரின் பொதுத்தாய் ஏறத்தாழ 2 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்தவர் என்றனர். ஆப்பிரிக்கர் எனக் கணக்கிட்ட 20 பேரில் 18 பேர் அமெரிக்காவில் பிறந்தவர்கள் என்ற விமர்சனம் எழுந்தது. கணினி வரைந்த மரத்தைப் போலவே பொருந்தும் வேறு மரங்களும் உண்டு என்று பிறர் காட்டினர். 2000ஆம் ஆண்டில் உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 53 பேரின் வரிசை முழுமையாகப் படிக்கப்பட்டபோது ஆப்பிரிக்கத் தோற்றம் உறுதியாயிற்று. விமர்சனம் கோட்பாட்டை அழித்துவிடவில்லை, வலுப்படுத்தியது.

அந்தமான் பற்றிய விவாதம் நமக்கு இன்னும் நெருக்கமானது. ஓங்கே, பெரிய அந்தமானியர் ஆகியோரிடம் எம்31, எம்32 என்ற கிளைகளைக் கண்ட ஐதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் ஆய்வாளர்கள், இவை தீவுகளில் நெடுங்காலம் தனித்து வளர்ந்தவை என்று 2005இல் எழுதினர். அடுத்த ஆண்டே மேற்கு வங்கத்தின் ராஜ்பன்ஷி மக்களிடம் எம்31 இருப்பதை வேறொரு குழு காட்டியது. தீவுக்கே உரியது என்று கருதப்பட்ட கிளைக்கு நிலப்பகுதியில் உறவினர் இருந்தனர். ‘இங்கு மட்டுமே’ என்ற கூற்று, பெரும்பாலும் ‘இங்கு மட்டுமே தேடினோம்’ என்பதன் மறுபெயர்தான்.

சாதியின் வயதும் கடிகாரத்தின் வேகமும்

தாய்வழி மரபணு சாதியைச் சொல்லுமா? தோழர்கள் அடிக்கடி எழுப்பும் இக்கேள்விக்கு ஒரு சிறு கணக்கே விடை தரும். தாய்வழி டிஎன்ஏ முழுவதையும் எடுத்துக்கொண்டால், ஒரு வழியில் சராசரியாக 3,600 ஆண்டுகளுக்கு ஒரு சடுதிமாற்றம் நிகழ்கிறது என்பது 2009இல் செய்யப்பட்ட மதிப்பீடு. இந்தியாவில் கலப்புமணம் அருகி அகமணம் இறுகிய காலம் ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன். அதாவது சாதி இறுகிய காலம் முழுவதிலும் ஒரு தாய்வழி சராசரியாக ஒரு மாற்றத்தைக்கூட அடையவில்லை. எம், ஆர், யு போன்ற பெருங்கிளைகளோ பல பத்தாயிரம் ஆண்டுகள் பழமையானவை. சாதி தோன்றுவதற்கு எவ்வளவோ முன்னரே பிரிந்த கிளைகளில் சாதியைத் தேடுவது, மாட்டு வண்டித் தடத்தில் ரயில் பெட்டியைத் தேடுவதற்கு ஒப்பாகும்.

2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆந்திரத்தின் செஞ்சு, கோயா பழங்குடிகளையும் பல்வேறு சாதியினரையும் ஒப்பிட்டு, இரு சாராரும் ஒரே பழைய தாய்வழி மரபையே பெரிதும் பகிர்ந்துகொள்கின்றனர் என்றது. கிளைகளின் விகிதம் சமூகத்துக்குச் சமூகம் வேறுபடலாம். சிலரே தோற்றுவித்த சிறு சமூகத்தில் ஒரு கிளை மிகுந்துவிடலாம். ஆனால் இந்தக் கிளை உயர்சாதி, இந்தக் கிளை தாழ்ந்த சாதி என்று பிரிக்கும் கோடு எதுவும் இல்லை.

தாய்வழி மட்டும் பேசினால்

தாய்வழியில் வெளித்தடயம் குறைவு என்பது உண்மை. அதிலிருந்து யாருமே வரவில்லை என்ற முடிவுக்குத் தாவுவதுதான் புரட்டு. தாய்வழி என்பது ஒருவரின் மூதாதையருள் ஒரே ஒரு கோடு. பத்துத் தலைமுறை பின்னே சென்றால் மூதாதையர் இடங்கள் 1,024. அவற்றுள் தாய்வழி டிஎன்ஏ ஒரேயொரு பெண்ணிடமிருந்து வருகிறது. மற்ற 1,023 பேரைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

வந்தவர்களில் ஆண்களே மிகுதி என்றால் தாய்வழியில் அவர்கள் தடயம் இராது. 2019 செப்டம்பரில் வெளிவந்த ஆய்வு, பழங்கால மனிதர் 523 பேரின் டிஎன்ஏவைப் புதிதாகப் படித்து, ஸ்டெப்பி புல்வெளி மக்களின் மரபு பொ.ஆ.மு. 2000க்கும் 1500க்கும் இடையில் தெற்காசியாவுக்கு வந்தது என்றும், இன்றைய மக்களிடம் அது பெரிதும் ஆண்கள் வழியாகவே பரவியது என்றும் கூறியது. அதே மாதம் அரியானாவின் ராக்கிகரியில் கிடைத்த சிந்துவெளிப் பெண்ணொருவரின் ஆய்வும் வெளிவந்தது. அவருடைய தாய்வழி யு2பி2. அவரிடம் ஸ்டெப்பி மரபு இல்லை. இதையே ஆரியர் வருகைக்கு மறுப்பு என்று சிலர் பறைசாற்றினர். சிந்துவெளி நகரங்கள் தழைத்த காலத்தில் அம்மரபு அவரிடம் இல்லை என்பது, அது பின்னர் வந்தது என்ற முடிவோடு இயைந்து செல்கிறதே தவிர முரண்படவில்லை.

நாமும் இதை எளிய படையெடுப்புக் கதையாக ஆக்கிவிடலாகாது. அதே 2019 ஆய்வு, ஸ்வாத் பள்ளத்தாக்கின் பழங்காலப் புதைகுழிகளில் கிடைத்தவர்களிடம் ஸ்டெப்பி மரபு பெரிதும் பெண்கள் வழியாக வந்திருப்பதையும் காட்டியது. ஓரிடத்தில் ஆண்கள் வழி, வேறிடத்தில் பெண்கள் வழி. இதன் பின்னிருந்த மணமுறை, அதிகாரம், வன்முறை ஆகியவற்றைத் தொல்லியலும் மொழியியலும் சமூக வரலாறும் சேர்ந்தே விளக்க முடியும். இன்னொரு குழப்பத்தையும் நீக்கிக்கொள்வோம். தந்தைவழி ஒய் குரோமோசோமில் ஆர்1ஏ என்ற கிளை உண்டு. தாய்வழி ஆர் கிளைக்கும் அதற்கும் எழுத்தைத் தவிர வேறு தொடர்பில்லை.

தாய்வழியையும் தந்தைவழியையும் கடந்து முழு மரபணுத் தொகுதியை ஆராய்ந்தபோதுதான் நமக்கு மிக முக்கியமான செய்தி கிடைத்தது. ஐதராபாத் மையமும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் இணைந்து செய்த ஆய்வுகள் 2009இலும் 2013இலும் வெளிவந்தன. இந்தியாவின் ஏறத்தாழ எல்லா மக்களும் கலப்பினரே என்பதும், அக்கலப்பு ஏறக்குறைய 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன் வரை பரவலாக நடந்தது என்பதும், பின்னர் அகமணம் இறுகியது என்பதும் அவற்றின் சாரம். அகமணமே சாதியின் சாரம் என்று 1916இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அண்ணல் அம்பேத்கர் நிறுவினார். டிஎன்ஏ என்ற சொல்லையே உலகம் அறியாத காலத்தில், சமூகத்தை உற்றுநோக்கிய ஒருவர் கண்ட உண்மை அது. சாதி இரத்தத்தில் பிறந்ததன்று. கலந்து வாழ்ந்த மக்கள்மீது மணக்கட்டுப்பாட்டால் சுமத்தப்பட்டது. ஆகவே ஒழிக்கக் கூடியது.

தாயுரிமை வேறு, தாய்வழிக் கிளை வேறு

1884இல் எங்கெல்ஸ் எழுதிய ‘குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்’ நூலைப் படித்த தோழர்கள், தாய்வழி மரபணுவைத் தாயுரிமைச் சமூகத்தின் சான்றாகக் கருதும் வாய்ப்பு உண்டு. இரண்டும் வேறு. தாயுரிமை என்பது வம்சத்தைத் தாய்வழியில் கணக்கிட்டுச் சொத்தும் உறவும் அவ்வழியில் செல்லும் சமூக ஏற்பாடு. தாய்வழி மரபணுவோ தந்தையாதிக்கம் கொடிகட்டிப் பறக்கும் வீட்டிலும் தாயிடமிருந்தே வரும். பெண்ணை மனிதராக மதிக்காத சமூகத்திலும் மைட்டோகாண்ட்ரியா தன் வழியே செல்லும். உயிரியலிலிருந்து நேராகச் சமூக உறவைப் பெற முடியாது என்பது பொருள்முதல்வாதத்தின் அரிச்சுவடி.

அறிவியலை அரசியலுக்கு வளைத்தால் என்ன நேரும் என்பதற்கு வரலாற்றில் இரு பக்கமும் பாடம் உண்டு. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ரிஸ்லி, மூக்கை அளந்து சாதியின் தரத்தை நிறுவ முயன்றார். சோவியத் ஒன்றியத்தில் லைசென்கோவின் கொள்கை 1948இல் அதிகாரபூர்வமாக்கப்பட்டது. அதற்கு முன்பே, தலைசிறந்த மரபியலாளர் வவிலோவ் 1943இல் சரடோவ் சிறையில் மடிந்தார். நம் முகாமில் நிகழ்ந்த இந்தத் துயரத்தை நாம் மறைக்க வேண்டியதில்லை. பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் இயக்கத்தில் இருந்த ஜே.பி.எஸ். ஹால்டேன், இரத்தம் உறையாமை நோயை ஆராய்ந்து 1935இல் மனித மரபணுவின் சடுதிமாற்ற வேகத்தை மதிப்பிட்டவர். 1957இல் கொல்கத்தாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்தார். இன்று கிளைகளின் வயதைக் கணிக்கும் கணக்குகளுக்கும் சடுதிமாற்ற வேகமே அடிப்படை. மரபியலை அஞ்சி ஒதுக்கவும் வேண்டாம், நம் வசதிக்கு வளைக்கவும் வேண்டாம் என்பதே இவ்வரலாறு தரும் படிப்பினை.

நாம் சொல்ல வேண்டியது

தாய்வழி மரபணு மக்களுக்கு நேரடியாகத் தொண்டாற்றிய இடமும் உண்டு. 1976 முதல் 1983 வரை அர்ஜென்டினாவை ஆண்ட இராணுவ ஆட்சி, அரசியல் கைதிகளின் குழந்தைகளைப் பறித்து வேறு குடும்பங்களுக்குக் கொடுத்தது. பெற்றோர் கொல்லப்பட்டனர். பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிகள் 1977இல் பிளாசா டி மாயோவில் அமைப்பாகத் திரண்டனர். தாய் இல்லாவிட்டாலும் தாய்வழிப் பாட்டியின் டிஎன்ஏ பேரக்குழந்தையிடம் அப்படியே இருக்கும் என்பதை அமெரிக்க மரபியலாளர் மேரி கிளேர் கிங் பயன்படுத்தி அவர்களுக்குத் துணைநின்றார். இதுவரை நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் அடையாளம் காணப்பட்டுள்ளனர். இரத்தத்தின் தூய்மையை நிறுவ அங்கு மரபணு பயன்படவில்லை. அரசு செய்த குற்றத்தை நிறுவப் பயன்பட்டது.

தோழர்களே, விவாதங்களில் நாம் மூன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒன்று: மரபுக்கிளை ஒரு வழியின் பெயர், ஒரு மக்களின், மொழியின், சாதியின் பெயர் அன்று. இரண்டு: புலம்பெயர்வும் கலப்பும் நிகழ்ந்தன என்பதற்குச் சான்றுகள் வலுவாக உள்ளன, ஒற்றைப் பண்பாடு, ஒற்றை மூலம் என்ற இந்துத்துவக் கதையை அவை தகர்க்கின்றன. மூன்று: உரிமை மூதாதையரின் வயதிலிருந்து பிறப்பதில்லை.

மூன்றாவதுதான் மிக முக்கியம். பூர்வகுடி என்பதால்தான் உரிமை என்று நாம் பேசத் தொடங்கினால், நாளை பின்னால் வந்தவன் என்று முத்திரை குத்தப்படும் எவருடைய உரிமையையும் பறிக்க அதே வாதம் பயன்படும். அசாமில் 2019 ஆகஸ்டு 31இல் வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விடுபட்டனர். தந்தையோடு தம்மை இணைக்கும் ஆவணம் இல்லாத திருமணமான பெண்கள் அதில் பெரும் அல்லலுக்கு உள்ளாயினர். வம்சாவளியைக் காட்டு என்று அரசு கேட்கும்போது முதலில் வீழ்பவர் ஏழையும் பெண்ணும் சிறுபான்மையினரும்தான். ஆதிவாசி மக்களின் உரிமைக்கும் எம் கிளைச் சான்றிதழ் தேவையில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுடைய வாழ்விடத்தையும் உழைப்பையும் அவர்களுக்கு இழைக்கப்பட்ட வரலாற்று அநீதியையும் அடிப்படையாகக் கொண்டது. அந்த அடிப்படையில்தான் நாம் போராட வேண்டும்.

மும்பையின் ஆலைக்கு நெல்லையிலிருந்து வந்தவரும், திருப்பூரின் பின்னலாடைக்குப் பீகாரிலிருந்து வந்தவரும், அசாமின் தேயிலைத் தோட்டத்துக்குச் சோட்டா நாகபுரியிலிருந்து கொண்டுவரப்பட்டவரும் எந்தக் கிளையைச் சேர்ந்தவர்கள் என்று எவரும் கேட்கத் தேவையில்லை. எங்கே உழைக்கிறார்களோ அங்கே அவர்களுக்கு உரிமை உண்டு. இதைச் சொல்லும் துணிவு நமக்கு இருக்குமானால், மரபணுவியல் எந்த முடிவைக் கொண்டுவந்தாலும் நாம் அஞ்ச வேண்டியதில்லை.